பேத்தியோடு ஒரு சைக்கிள் ஞாயிறு: கொஞ்சம் சொந்தக் கதை, கொஞ்சம் வரலாறு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேத்தி ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தாள். எங்கள் குடியிருப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத் தன் கையெழுத்தில் எழுதி வந்திருந்தாள். ஞாயிறு காலை 6 மணி. குழந்தைகள் சைக்கிள் பயணம். போக வர 6 கிலோமீட்டர். தலைக்கவசம் கட்டாயம். வீட்டுப் பெரியவர் ஒருவர் சைக்கிளில் கூட வர வேண்டும். கடைசி வரிக்கு அடியில் அவளே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

என் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அதெல்லாம் வேணாம். ரோடு சரியில்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வேணும்னா உங்க தாத்தாவைக் கேளு. இந்த வீட்டுல ரோடு சரியில்லன்னு முதல்ல சொன்னவர் அவர்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் 33 வருடக் கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. வழக்கம்போல நடுவில் கொஞ்சம் ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டு வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடகை சைக்கிள் காலம்

நான் பிறந்து வளர்ந்தது மதுராந்தகம் பக்கத்துக் கிராமம். சைக்கிள் கற்றது 1964 வாக்கில், பத்து வயதில். எங்கள் ஊரில் வாடகை சைக்கிள் கடை ஒன்று உண்டு. சுவரில் சாய்த்து ஏழெட்டு சைக்கிள்கள் நிற்கும். சின்னப் பையன்களுக்கான குட்டி சைக்கிள் ஒன்றே ஒன்று. அதற்கு எப்போதும் வரிசை. கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் குறிப்பார். ஒரு மணி நேரத்துக்கு வாங்கிய சைக்கிளை ஐந்து பேர் பங்கு போட்டு ஓட்டுவோம். கடைசி ஐந்து நிமிடம் வரும்போது தள்ளிக்கொண்டே ஓடி வந்து கடையில் சேர்ப்போம்.

அது கிடைக்காத நாளில் அப்பாவின் பெரிய சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. அதனால் நடுக் கம்பிக்குக் கீழே வலது காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, பாதிச் சுற்று பாதிச் சுற்றாக மிதிப்பது. அதுதான் குரங்கு பெடல். 2024-ல் அதே பெயரில் ஒரு படம் வந்தது. ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ என்ற சிறுகதையை வைத்து கமலக்கண்ணன் இயக்கியது. பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்குப் படம் பிடித்தது. ஆனால் ஒருவன் ஏன் தன் உயரத்துக்கு இல்லாத சைக்கிளை ஓட்ட வேண்டும் என்பது மட்டும் கடைசி வரை புரியவில்லை.

அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் சட்டதிட்டம் உண்டு. வருடா வருடம் வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இருட்டிய பிறகு விளக்கில்லாமல் போனால் பிடிப்பார்கள். டபுள்ஸ் போனாலும் பிடிப்பார்கள். போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டால் அதுவே தண்டனை, மூன்று மைல் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது என் அக்கா. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தது அவள்தான். அவள் ஒரு நாளும் அதில் ஏறவில்லை. ஏறச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு குழந்தைக்காக வந்த காற்று

சைக்கிளின் கதையே கொஞ்சம் குழந்தைகளோடு சேர்ந்ததுதான். 1817-ல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் செய்த முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தி உந்தி ஓட்ட வேண்டும். இன்று மூன்று வயதுக் குழந்தைகளுக்குப் பெடல் இல்லாத ‘பேலன்ஸ் பைக்’ விற்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். இருநூறு வருடம் சுற்றி, கற்றுக்கொள்ள அதுவே சுலபம் என்று திரும்ப வந்திருக்கிறோம். 1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, கிட்டத்தட்ட சம அளவான இரண்டு சக்கரமும் பின்சக்கரத்துக்குச் செயினும் வைத்து ‘ரோவர்’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டுவது அதன் பேரன்தான்.

காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜான் பாய்ட் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்தார். அவருடைய சின்ன மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும்போது கெட்டி ரப்பர் சக்கரம் கரடுமுரடான தரையில் குலுக்கி எடுத்தது. மகனுக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கட்டும் என்று ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-ல் காப்புரிமை வாங்கினார். இன்று ரோட்டில் ஓடும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் காரணமான டயரின் கதையில் இப்படி ஒரு சின்னப் பையனின் சைக்கிள் இருக்கிறது. அந்த லாரிகளே பின்னால் குழந்தைகளைச் சைக்கிளிலிருந்து இறக்கின என்பதுதான் வேடிக்கை. வேதனை என்றும் சொல்லலாம்.

நம் பக்கத்தில், 1949-ல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் கூட்டு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலஸும் பிலிப்ஸும் பி.எஸ்.ஏ.வும் தெற்கே எல்லா ஊருக்கும் போயின. எனக்கு வேலை கிடைத்ததும் முதல் முன்பணத்தில் வாங்கியது ஒரு ஹெர்குலஸ். இன்றும் என்னிடம் இருக்கிறது. சீட்டும் டயரும் மாறியிருக்கின்றன, சட்டம் அதேதான்.

வண்டலூருக்கு வந்த கதை

1984-ல் குடும்பத்தோடு வண்டலூருக்கு வந்தோம். அப்போது இங்கே மின்சார ரயிலும், மலையும், காடும், அங்கங்கே வீடும்தான். காட்டுக்குள் உயிரியல் பூங்காவுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. சென்னையில் 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் அருங்காட்சியக வளாகத்தில் ஆரம்பித்து, பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்கில் நெருக்கடியில் இருந்த மிருகக்காட்சி சாலைதான் இங்கே வந்தது. 1985 ஜூலை 24-ஆம் தேதி எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். 602 ஹெக்டேர். உள்ளே சுற்றிப் பார்க்க வாடகைக்குச் சைக்கிள் எடுத்து ஓட்டிய குடும்பங்கள் நிறைய. இந்தப் பகுதியில் பல பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிள் மிதித்த இடம் புலிகளும் சிங்கங்களும் இருக்கிற அந்த வளாகம்தான். ஏனென்றால் அங்கே லாரி கிடையாது.

என் மகளுக்கு 1991-ல், பதினோராவது பிறந்த நாளுக்கு, சின்ன லேடீஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அக்காவுக்குச் செய்யாததை மகளுக்குச் செய்கிறோம் என்று எனக்குள் ஒரு பெருமை. ஜி.எஸ்.டி. சாலை ஓரமாகப் போனால் பள்ளிக்கூடம் ஒன்றரை கிலோமீட்டர். எங்கள் தெருவிலிருந்து நான்கு பெண் பிள்ளைகள் ஒன்றாகச் சைக்கிளில் போவார்கள். காலை எட்டரைக்கு நான்கு மணிச் சத்தமும் வரிசையாகக் கேட்கும்.

1992 ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரம். ஒரு லாரி உரசிக்கொண்டு போனது. யார் ஓட்டினார்கள், எந்த ஊர் வண்டி, எதுவும் தெரியாது. நிற்கவில்லை. மகள் சாலையோரச் சேற்றில் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, ஹேண்டில் பார் கோணிப்போயிருந்தது. அவ்வளவுதான். ஆனால் எங்கேயோ அரை அடி மாறியிருந்தால் என்ற நினைப்பு என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. மூன்றாம் நாள் சைக்கிளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். "ரோடு சரியில்ல. இனிமே பஸ்ல போ" என்றேன்.

ஒரே ஒரு தடவை சாவி கேட்டாள். தரவில்லை. அடுத்த வருடம் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. அதன் பிறகு அவள் சைக்கிள் ஏறவில்லை. ஸ்கூட்டரும் கற்றுக்கொள்ளவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்தும், இன்றுவரை கம்பெனி வண்டி, ஆட்டோ, இல்லையென்றால் மாப்பிள்ளை கொண்டு போய் விட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சைக்கிள் நின்ற இரண்டு மூன்று மாதத்தில் மற்ற மூன்று பெண்களின் சைக்கிளும் நின்றுவிட்டன. "சார் வீட்டுலேயே நிறுத்திட்டாங்களாமே" என்று பேச்சு வந்ததாக என் மனைவி சொன்னாள். அப்போது அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அதே 1992-ல் புதுக்கோட்டையில்

பணி ஓய்வுக்குப் பிறகுதான் நிறையப் படிக்க ஆரம்பித்தேன். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-ல் வெளியிட்ட புகழ்பெற்ற வறட்சிப் புத்தகத்தில் புதுக்கோட்டை பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. அதைப் படித்தபோது அதிலிருந்த வருடத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு இயக்கம்தான். ஆனால் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டுமே, அதற்குச் சைக்கிள் வேண்டுமே என்ற கேள்வி வந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் கற்பதையும் இயக்கத்தின் ஒரு பகுதியாக ஆக்கினார். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடு செய்தார். விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரிப் பெண்கள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எல்லோரும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே ஏறினார்கள். நடுக் கம்பி இருந்தால் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம்.

1992 பெண்கள் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றிருப்பார்கள் என்றும், அதில் 70,000-க்கும் மேற்பட்டோர் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள் என்றும் சாய்நாத் எழுதியிருக்கிறார். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு பெண்ணைக் கேலி செய்வது சுலபம், 1,500 பேரைக் கேலி செய்ய யாருக்கு வாய் வரும்?

மார்ச்சில் அங்கே அந்த ஊர்வலம். ஜூனில் இங்கே நான் பூட்டுப் போடுகிறேன். இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் இரவு பஸ் பயணம்தான்.

இந்தக் கதை அங்கேயே நிற்கவில்லை. தமிழக அரசு 2001-02-ல் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. 2005-06-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. 2006-ல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகமாம்.

பணமாகக் கையில் கொடுத்தாலும் இவ்வளவு பலன் வருமா என்பதற்கு அவர்கள் சொல்லும் ஒரு காரணம் எனக்குப் பிடித்தது. ஊரில் நிறையப் பெண்கள் ஒரே நேரத்தில் சைக்கிளில் போகும்போது பாதுகாப்பும் கூடுகிறது, ஊர்க்கட்டுப்பாடும் தளர்கிறது. எங்கள் தெருவில் நான்கு மணிச் சத்தமும் ஒவ்வொன்றாக நின்றது நினைவுக்கு வந்தது. நான் செய்தது அதையே தலைகீழாக.

சாலைக்கு வந்த பெற்றோர்

இன்னொரு தேசத்துக் கதை. இன்று சைக்கிள் என்றால் எல்லோரும் நெதர்லாந்து என்பார்கள். அங்கே ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கார்கள் பெருகின. சாலைகளை அகலப்படுத்தினார்கள். சைக்கிள்காரர்கள் ஓரம் கட்டப்பட்டார்கள். 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு அது.

இறந்த குழந்தைகளில் ஒருத்தி, விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் மகள். ஆறு வயது. சைக்கிளில் பள்ளிக்குப் போனபோது நடந்தது. அவர் 1972-ல் தன் நாளிதழில், குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று எழுதினார். அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய் தகப்பன்மார் குழந்தைகளோடும் சைக்கிள்களோடும் தெருவுக்கு வந்தார்கள். ஆபத்தான முக்குகளில் மறியல் செய்தார்கள். தெருவை மறித்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் கார்களே ஓடக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அப்போது நெடுஞ்சாலையிலேயே ஜனங்கள் சைக்கிள் விட்டார்கள். கார் இல்லாத சாலை எப்படியிருக்கும் என்று ஒரு தேசமே கண்ணால் பார்த்தது. அதற்குப் பிறகு தனிப்பாதைகள், குடியிருப்புத் தெருக்களில் வேகக் கட்டுப்பாடு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டும் பரீட்சை என்று ஒவ்வொன்றாக வலுப்பெற்றன.

அடுத்த வருடமே, 1974 டிசம்பர் 15-ல், கொலம்பியாவின் பொகோட்டா நகரில் சைக்கிள் ஆர்வலர்கள் இரண்டு பெரிய சாலைகளைச் சில மணி நேரம் கார்களிடமிருந்து வாங்கிச் சைக்கிள்களுக்குக் கொடுத்தார்கள். இன்று அங்கே ஞாயிறுதோறும் 120 கிலோமீட்டருக்கும் மேல் சாலைகள் அப்படி விடப்படுகின்றன. நம் நாட்டில் 2013 நவம்பரில் குர்கானில் ‘ராஹ்கிரி’ என்ற பெயரில் வந்தது. 2014-ல் நம் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் கார் இல்லாத ஞாயிறு வந்தது. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்ற கொள்கையைச் சென்னை மாநகராட்சி ஏற்றதும் அதே வருடம்.

குழந்தைகளுக்கென்றே குழுவாகச் சைக்கிள் போவது 2008-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜின் என்ற ஊரில் ஆரம்பித்தது. பெரியவர்கள் 1992-லிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் மாதம் ஒரு முறை கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் வாக்குவாதம், தள்ளுமுள்ளு எல்லாம் உண்டு. யூஜின்காரர்கள் அதைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மெதுவாக, குடும்பத்தோடு போவதாக மாற்றினார்கள். 2021-ல் பார்சிலோனாவில் ‘சைக்கிள் பஸ்’ வந்தது. பஸ் என்றால் பஸ் இல்லை. குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட வழியில் பெரியவர்களும் பிள்ளைகளும் கூட்டமாகப் பள்ளிக்குச் சைக்கிளில் போவது. வழியில் நின்றால் சேர்ந்துகொள்ளலாம்.

பெல்ஃபாஸ்ட் தகப்பனும் நெதர்லாந்துத் தகப்பனும் வண்டலூர்த் தகப்பனும் பிள்ளைமேல் ஒரே அளவு பாசம் வைத்தவர்கள்தான். நான் பயந்தது தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். பக்கத்து மூன்று வீட்டுக் கதவையும் தட்டாமல், தனியாக முடிவெடுத்ததுதான் தப்பு. நாலு தகப்பன்மார் முறை போட்டுக் காலையில் கூடப் போயிருந்தால் முப்பது நிமிடம்தான் ஆகியிருக்கும்.

ஞாயிறு காலை

இதையெல்லாம் அன்று இரவு மகளிடம் சொல்லவில்லை. "நான் கூடப் போறேம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்தேமுக்காலுக்கே போய்விட்டோம். 22 பிள்ளைகள். ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வரை. பெரியவர்களும் கிட்டத்தட்ட அத்தனை பேர். ஏற்பாடு செய்தவர்கள் பக்கத்துக் குடியிருப்புகளின் இளைஞர்கள். சாதாரணமாக அதிகாலையில் வெளிவட்டச் சாலையில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் போகிறவர்கள். இன்று பிள்ளைகளுக்காக ஆறு கிலோமீட்டர்.

முதலில் பரிசோதனை. காற்று, பிரேக், செயின் என்று மூன்று வார்த்தை. டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பார்க்கச் சொன்னார்கள். தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் இருக்க வேண்டுமாம். பாதிப் பிள்ளைகள் அதைத் தொப்பி மாதிரிப் பின்னால் தள்ளி மாட்டியிருந்தார்கள். என் ஹெர்குலஸைப் பார்த்து ஒரு பையன், "தாத்தா, இதுக்கு எத்தனை கியர்?" என்று கேட்டான். "ஒண்ணுதான், அது என் கால்ல இருக்கு" என்றேன்.

விதிகள் நாலைந்துதான். முன்னால் போகிறவரை யாரும் முந்தக்கூடாது. கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் யாரும் போகக்கூடாது. எல்லோருக்கும் சின்னக் குழந்தை எவ்வளவு வேகமோ அதுதான் மொத்தக் கூட்டத்தின் வேகம். இடது ஓரம் பிள்ளை, வலது பக்கம் பெரியவர். தெரு முக்குகளில் முன்கூட்டியே இரண்டு பேர் போய் நின்று, வண்டிகளை நிறுத்தி, கடைசிப் பிள்ளை தாண்டும்வரை விட மாட்டார்கள். இந்த முக்கு வேலைக்கு ஆள் போதவில்லை என்று ஏற்பாட்டாளர் கேட்டுக்கொண்டிருந்தார். "சைக்கிள் தெரியாதவங்க வந்தாகூடப் போதும், நின்னா போதும்."

கொளப்பாக்கம் உள்தெருக்கள் வழியாக நெடுங்குன்றம் பக்கம் போய்த் திரும்பி வருவதாகத் திட்டம். பெரிய சாலையைத் தொடவே இல்லை. வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் ஞாயிறு காலையிலும் லாரிகள் குறைவதில்லை. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்த பிறகு ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் கேட்கவே வேண்டாம். ஆறு மணி வெயிலில் காட்டுப் பக்கமிருந்து மயில் கத்தியது. 22 மணிகளும் ஒன்றாக அடித்தன. மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கை காட்டினார்கள். டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு ஓரம் ஒதுங்கினார்கள். ஒரு குட்டிப் பெண்ணுக்குச் செயின் கழன்றது. மொத்தக் கூட்டமும் நின்றது. மாட்டிய பிறகு கிளம்பியது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

பேத்தி என் இடது பக்கம் வந்தாள். "தாத்தா, நீங்க ஏன் மூச்சு வாங்குறீங்க? மெதுவாத்தானே போறோம்" என்றாள். 71 வயது என்று சொன்னேன். "அப்ப சரி" என்றாள்.

ஆறு கிலோமீட்டர் போனதால் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். திங்கட்கிழமை அதே சாலைதான், அதே லாரிதான். பேத்தி பள்ளி வேனில்தான் போனாள். உண்மை. நெதர்லாந்திலும் ஒரு ஞாயிறில் மாறவில்லை, அதற்குப் பிறகு அரசாங்கம் பல வருடம் பணம் கொட்டித் தனிப்பாதை போட்டது. ஆனால் 2003-ல் பீட்டர் ஜேக்கப்சன் என்பவர் பல ஊர்க் கணக்குகளைப் பார்த்துச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் கூடக் கூட, ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து குறைகிறது. வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கண் பழகிவிடுகிறது. அப்படியானால் ஒருவர் வீட்டில் பூட்டுப் போட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து கூடுகிறது என்றுதானே அர்த்தம்? அன்று நான் என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். மற்ற மூன்று பிள்ளைகளைப் பற்றி நினைக்கவில்லை.

திரும்பி வரும்போது எங்கள் தெருவுக்கு முந்தைய முக்கு. கொஞ்சம் மோசமான திருப்பம் அது. தண்ணீர் லாரிகள் ஏரிப் பக்கமிருந்து வேகமாக வரும். தூரத்திலிருந்தே பார்த்தேன். முக்கில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் அந்த இளைஞர். இன்னொருவர் வீட்டுச் சுடிதாரோடு, ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு நின்ற என் மகள்.

ஒரு தண்ணீர் லாரி வந்தது. மகள் இரண்டடி முன்னால் போய் ஒரு கையை நீட்டினாள். எனக்குக் கால் பெடலில் நின்றுவிட்டது. லாரி மெதுவாகி, நின்றது. டிரைவர் கண்ணாடியை இறக்கி, பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்து, போங்க போங்க என்று கை காட்டினார். 22 பிள்ளைகளும் மணியடித்துக்கொண்டு தாண்டினார்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை மகள் கையை இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்தவள், "லாரி நின்னுதுப்பா" என்றாள்.

"பாத்தேம்மா" என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை. உள்ளே பேத்தி தன் பாட்டியிடம், அந்தச் செயின் கழன்ற கதையை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அறிவிப்புப் பலகையில் அடுத்த பயணத்துக்குப் பெயர் எழுதும் தாள் ஒட்டியிருக்கிறது. நேற்று பேத்தி போய் எழுதிவிட்டு வந்தாள். பிள்ளை ஒன்று, சைக்கிளில் வரும் பெரியவர் ஒன்று, முக்கில் நிற்பவர் ஒன்று. நாலாவதாக இன்னொரு கட்டம் இருந்ததாம், ‘சைக்கிள் கற்றுக்கொள்ள விரும்பும் பெரியவர்கள்’ என்று. அதில் அம்மா பெயரை எழுதலாமா என்று கேட்டாளாம். மகள் இன்னும் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.